வாங்கும் முன்: பெட்ரோல் செலவு பற்றி வந்த கடிதங்கள்

என் பைக் முன்பு லிட்டருக்கு 55 கிலோமீட்டர் ஓடியது, இப்போது 45தான். எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்கிறார் மெக்கானிக். இன்ஜினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை மாற்ற 4,000 ரூபாய் கேட்கிறார். மாற்றலாமா?
வாசகர், தக்கலை

இப்போதைக்கு வேண்டாம். 45 என்ற கணக்கு எப்படி வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. நாசில் தானாக நிற்கும்வரை டேங்கை நிரப்பி, ஓடோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். 200 கிலோமீட்டராவது ஓட்டிவிட்டு, அதே பங்க்கில் அதே மாதிரி நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாவது முறை போட்ட லிட்டரால் வகுத்தால் வருவதுதான் மைலேஜ். இரண்டு தடவை இப்படிப் பார்த்தபின் பேசலாம்.

எத்தனாலுக்கும் பங்கு உண்டு. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள எரிசக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதம் கலந்தால், கலப்பில்லாத பெட்ரோலோடு ஒப்பிட 6 அல்லது 7 சதவீதம் மைலேஜ் போகலாம். முன்பு கிடைத்த 10 சதவீதக் கலவையோடு ஒப்பிட்டால் அதில் பாதிதான். ஆக, அந்த 7 சதவீதமும் முழுதாகப் போனாலும் 55 என்பது 51தான் ஆகும். 45 ஆவதற்கு வேறு காரணம் இருக்கிறது.

முதலில், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றைப் பாருங்கள். பிறகு நியூட்ரலில் வைத்து, நடுஸ்டாண்டு போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். உடனே நின்றால் பிரேக் உரசுகிறது. வண்டி நாள் முழுக்க பிரேக் பிடித்தபடியே ஓடுகிறது என்று பொருள். அடுத்து ஏர் ஃபில்டர், செயின், பிளக். இவையெல்லாம் சில நூறு ரூபாயில் முடிகிற வேலை. 2023 ஏப்ரலுக்கு முன் வாங்கிய வண்டி என்றால் பெட்ரோல் குழாயிலும் வாஷர்களிலும் வெடிப்போ கசிவோ இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இத்தனையும் சரியாக இருந்தால்தான் இன்ஜெக்டர் பேச்சு. அப்போதும் முதலில் சுத்தம் செய்வது, பிறகுதான் மாற்றுவது.

கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் விலை கூடுதல் என்பதால் எங்கள் ஊர் பங்க்கில் எப்போதும் கூட்டம். அளவில் சந்தேகம் இருக்கிறது. 300 ரூபாய்க்குப் பதிலாக 310 ரூபாய்க்குப் போட்டால் ஏமாற்ற முடியாதாமே?
வாசகர், களியக்காவிளை

310 ரூபாய்க்குப் போட்டாலும் 300 ரூபாய்க்குப் போட்டாலும் அளப்பது ஒரே இயந்திரம்தான். அளவு பிசகியிருந்தால் இரண்டிலும் பிசகும்.

ஒவ்வொரு பங்க்கிலும் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுப் பாத்திரம் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் கேட்டால் அதில் ஊற்றிக் காட்ட வேண்டும். பாத்திரத்தை ஒருமுறை நனைத்துக் கவிழ்த்த பிறகே அளக்கச் சொல்லுங்கள். 5 லிட்டருக்கு 25 மில்லி வரை கூடுவதும் குறைவதும் அனுமதிக்கப்பட்டது. அதைத் தாண்டிக் குறைந்தால் பில்லோடு தொழிலாளர் துறைக்குப் புகார் கொடுங்கள். எடையளவுச் சட்டத்தை இங்கே அமல்படுத்துவது அந்தத் துறைதான். கலப்படச் சந்தேகத்துக்கு ஃபில்டர் தாள் கேளுங்கள். நாசில் வாயைத் துடைத்துவிட்டு ஒரு சொட்டு விட்டால், இரண்டு நிமிடத்தில் கறையில்லாமல் ஆவியாக வேண்டும்.

கூட்ட நேரத்தில் நடக்கும் பெரும்பாலான ஏமாற்று, பூஜ்யத்துக்கு வராத மீட்டரில்தான். பணத்தை எண்ணுவதை அப்புறம் வைத்துக்கொண்டு மீட்டரைப் பாருங்கள்.

விலை ஏறும் என்கிறார்கள். 20 லிட்டர் பிளாஸ்டிக் கேனில் வாங்கி வீட்டில் வைக்கலாமா?
வாசகர், குளச்சல்

கூடாது. லிட்டருக்கு இரண்டு ரூபாய் ஏறினாலும் உங்களுக்கு மிச்சம் 40 ரூபாய். அதற்காகக் குழந்தைகள் தூங்கும் வீட்டில் பெட்ரோலை வைக்காதீர்கள்.

காரின் ஓபிடி துளையில் (கோளாறு பார்க்க மெக்கானிக் கருவி மாட்டும் இடம்) செருகினால் 30 சதவீதம் எரிபொருள் மிச்சம் என்று விளம்பரம் பார்த்து, ஆன்லைனில் 1,800 ரூபாய்க்குக் கருவி வாங்கினேன். ஒரு மாதமாக எந்த வித்தியாசமும் இல்லை. பணத்தைத் திருப்பித் தர மாட்டோம் என்கிறார்கள். வாங்கியது என் தப்புதானா?
வாசகி, நாகர்கோவில்

உங்கள் தப்பு இல்லை அம்மா. பொய் சொல்லி விற்றவன்தான் தப்பு செய்தவன். பெட்ரோல் விலை ஏறும் ஒவ்வொரு முறையும் இந்தக் கூட்டம் கிளம்பிவிடுகிறது: குழாயில் கட்டும் காந்தம், டேங்கில் போடும் மாத்திரை, இப்போது இந்தப் பெட்டி. இதே மாதிரி ஒன்றை நானும் காசு கொடுத்து வாங்கிப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே மூன்று விளக்கும், அவற்றை மின்ன வைக்கும் ஒரு சில்லும்தான் இருந்தன. காரின் கணினியோடு பேசும் கம்பிகளுக்கு இணைப்பே இல்லை.

இணைப்பு இருந்தாலும் 30 சதவீதம் எங்கிருந்து வரும்? ஒரு பங்கு பெட்ரோல் எரிய ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும், எடைக் கணக்கில். புகைக்குழாயில் உள்ள ஆக்ஸிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு, காரின் கணினி இந்தக் கலவையை ஓயாமல் சரிசெய்துகொண்டே இருக்கிறது. அதற்குமேல் பெட்ரோலைக் குறைத்தால் இன்ஜின் திணறும். காந்தத்துக்கும் இதே கதைதான். பெட்ரோலைக் காந்தம் இழுப்பதும் இல்லை, மாற்றுவதும் இல்லை. பல நாள் ஓட்டினால்தான் பலன் தெரியும் என்று சிலர் சொல்வார்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு முடியட்டும் என்பதற்காகச் சொல்வது அது. வீட்டுச் செலவைப் பிடித்துச் சேர்த்த பணத்தை இப்படிப் பறிப்பவர்கள் மேல் எனக்குத் துளியும் இரக்கம் கிடையாது.

நீங்கள் செய்ய வேண்டியது: விளம்பரத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளைக்கு இருக்காது. பில், பணம் போன சான்று, அவர்கள் மறுத்து அனுப்பிய பதில் மூன்றையும் சேர்த்து வையுங்கள். விற்ற தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியுங்கள். அதற்கும் மசியாவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு வருடம் அவகாசம் உண்டு. 1,800 ரூபாய்தானே என்று விடாதீர்கள்.

தினமும் வேலைக்கு நாகர்கோவில் போய்வர 60 கிலோமீட்டர். ஸ்கூட்டரை விற்றுவிட்டு எலக்ட்ரிக் வாங்கலாமா?
வாசகி, மார்த்தாண்டம்

உங்கள் தூரத்துக்குக் கணக்கு ஒத்துவரும். மாதம் 25 நாள் என்றால் 1,500 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 ஓடும் ஸ்கூட்டருக்கு 33 லிட்டர், லிட்டர் 100 ரூபாய் என்றாலே 3,300 ரூபாய். எலக்ட்ரிக் ஸ்கூட்டருக்குச் சார்ஜ் இழப்பும் சேர்த்து மாதம் 50 முதல் 55 யூனிட் ஆகும். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தாலும் 440 ரூபாய்.

வாங்கும் முன் இரண்டு விஷயம். விளம்பரத்தில் சொல்லும் தூரத்தில் 70 சதவீதத்தை மட்டும் நம்புங்கள். பேட்டரி பழையதாகும்போது அதுவும் குறையும். ஆகவே 120 கிலோமீட்டருக்குக் குறைவாகச் சொல்லும் வண்டி உங்களுக்கு வேண்டாம். இரண்டாவது, சர்வீஸ். நம் மாவட்டத்தில் ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. பேட்டரிக்கும் மோட்டாருக்கும் தூசியும் தண்ணீரும் புகாத ஐபி67 தரம் இருக்கிறதா, சர்வீஸ் சென்டர் மாவட்டத்துக்குள் இருக்கிறதா, பேட்டரி வாரண்டி எத்தனை வருடம், எத்தனை கிலோமீட்டர் என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். கடைக்காரர் வாயால் சொல்வது வாரண்டி ஆகாது.

வேலை நேரத்துக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்து கிடைத்தால் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. வாரத்தில் சில நாளாவது அதில் போக முடியுமா என்றும் பாருங்கள்.

10-ஆம் வகுப்பு மகனுக்கு லைசென்ஸ் தேவையில்லாத பேட்டரி ஸ்கூட்டர் வாங்கினேன். கடைக்காரர் ஒரு வயரைக் கழற்றி 45 வேகம் போகும்படி செய்து தந்தார். போலீஸ் பிடித்தால் என்ன சொல்ல வேண்டும்?
வாசகர், கருங்கல்

சொல்ல ஒன்றும் இல்லை. 250 வாட்டுக்குள், 25 கிலோமீட்டர் வேகத்துக்குள் இருந்தால்தான் அந்த விலக்கு. வயரைக் கழற்றிய நிமிடத்திலிருந்து அது பதிவும் இன்சூரன்ஸும் இல்லாத மோட்டார் வாகனம். ஓட்டுபவன் 15 வயதுப் பையன். யாரையாவது இடித்தால் நஷ்டஈடு உங்கள் தலையில். அந்த 25 வேகத்துக்காகத்தான் அதன் பிரேக்கே செய்யப்பட்டிருக்கிறது என்பதையாவது யோசித்திருக்க வேண்டாமா? இன்றே வயரைத் திரும்ப மாட்டச் சொல்லுங்கள்.

கேஸ் சிலிண்டர் 30 நாள் வந்தது, இப்போது 22 நாளில் தீர்கிறது. இன்டக்‌ஷன் அடுப்புக்கு மாறலாமா?
வாசகி, திங்கள்நகர்

முதலில் எடை போடுங்கள். சிலிண்டர் கழுத்தில் காலி எடை பொறித்திருக்கும். 15.3 என்றிருந்தால் கேஸ் 14.2 சேர்த்து 29.5 கிலோ வர வேண்டும். கொண்டுவருபவரிடம் தராசு இருக்க வேண்டும், கேளுங்கள். பில் தொகைக்குள்ளேயே வீட்டில் கொண்டுதரும் கூலியும் அடக்கம். அதற்குமேல் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. எடை சரியாக இருந்தால் டியூபையும் ரெகுலேட்டர் இணைப்பையும் சோப்புநுரை தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் கசிவு. உடனே மூடிவிட்டு 1906 எண்ணுக்குச் சொல்லுங்கள்.

இன்டக்‌ஷனில் ஒரு சிலிண்டர் வேலைக்கு ஏறத்தாழ 135 யூனிட் செலவாகும். மாதம் ஒரு சிலிண்டர் என்றால் இரண்டு மாத மின்கணக்கில் 270 யூனிட் கூடும். இப்போதே 300 ஓடுகிற வீடு 500 யூனிட்டைத் தாண்டிவிடும். தாண்டினால் கட்டண வரிசையே மாறி பில் எகிறும். பழைய பில்லை எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மாறாவிட்டாலும், சம்பா அரிசிக்குக் கொதி வந்ததும் பாத்திரத்தை இறக்கி மூடி வைக்கும் தெர்மல் ரைஸ் குக்கரும், மரச்சீனிக் கிழங்குக்குப் பிரஷர் குக்கரும் வாங்கினால் நல்ல மிச்சம் தெரியும்.