ஆறரை லட்சமும் பிஸ்கட் டப்பாவில் பதினோரு வாட்ச்சும்

கேள்வி: எனக்கு 46 வயது. மன்னார்குடி பக்கத்துக் கிராமம், பள்ளி ஆசிரியர் வேலை. ஒரு மா நிலம் விற்றதில் கையில் 6.5 லட்சம் ரூபாய் இருக்கிறது. நகைக்கடன் 2.2 லட்சம், வட்டி 9 சதவீதம். மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். சிங்கப்பூரில் இருக்கும் மச்சான், ‘பழைய ரோலெக்ஸ் டேட்ஜஸ்ட் ஒன்று 6 லட்சத்துக்கு வருகிறது, வாங்கிப் போட்டால் தங்கம் மாதிரி ஏறும்’ என்கிறார். சின்ன வயதிலிருந்தே எனக்குச் சாவி கொடுக்கிற வாட்ச் மீது பைத்தியம். அப்பா விட்டுப்போன பிஸ்கட் டப்பாவில் 11 வாட்ச்கள் இருக்கின்றன. பெரும்பாலும் எச்.எம்.டி., ஒன்று ஃபாவ்ர் லூபா என்ற சுவிஸ் வாட்ச். வீட்டில், தங்கம் வாங்கச் சொல்கிறார்கள். ரோலெக்ஸ் வாங்கலாமா? அப்பாவின் வாட்ச்கள் நல்ல விலை போகுமா?

பதில்: முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்தப் பைத்தியம் எனக்கும் உண்டு. இதை எழுதும்போது கையில் கட்டியிருப்பது எச்.எம்.டி. ஜனதா. அதனால் வாட்ச் அருமை தெரியாதவன் சொல்கிறான் என்று நீங்கள் தள்ளிவிட முடியாது. இந்தப் பணத்தில் அந்த ரோலெக்ஸை வாங்காதீர்கள்.

மச்சான் சொல்வது முழுப் பொய் இல்லை. சில மாடல்கள் விலை ஏறத்தான் செய்தன. ஆனால் ஏறிய விலைக்கும் உங்கள் கைக்கு வரும் பணத்துக்கும் நடுவில் ஒரு வியாபாரி நிற்கிறார். ஒரு பேச்சுக்கு, அவர் விற்கிற விலையில் 20 சதவீதம் குறைத்துத்தான் உங்களிடம் வாங்குவார் என்று வையுங்கள். 6 லட்சத்துக்கு வாங்கிய வாட்ச்சை மறுநாளே கொடுத்தால் 4.8 லட்சம். போட்ட முதல் திரும்பவே சந்தை விலை 7.5 லட்சம் ஆக வேண்டும். அதே 6 லட்சத்தை 7 சதவீத வட்டியில் 5 வருடம் போட்டிருந்தால் சுமார் 8.4 லட்சம். அதற்கு ஈடு கொடுக்க வாட்ச்சின் சந்தை விலை 10.5 லட்சத்தைத் தொட வேண்டும், அதாவது வருடத்துக்கு ஏறக்குறைய 12 சதவீதம் விடாமல் ஏற வேண்டும். நடுவில் வரும் சர்வீஸ் செலவை நான் சேர்க்கவே இல்லை. விடாமல் ஏறுமா? 2022 தொடக்கத்தில் ரோலெக்ஸ், பட்டேக் ஃபிலிப் எல்லாம் பழைய வாட்ச் சந்தையில் உச்சத்துக்குப் போய், அந்த வருடமே சரியத் தொடங்கின. உச்சத்தில் வாங்கியவர்கள் எத்தனையோ பேர்.

இன்னொன்று, அவசரம். கார்த்திகை மழையில் சம்பா மூழ்குகிறது, உடனே ஒரு லட்சம் வேண்டும். தங்கச் சங்கிலியை எடுத்துக்கொண்டு போனால் மன்னார்குடியிலேயே அரை மணி நேரத்தில் பணம். டேட்ஜஸ்ட்டை எடுத்துப் போனால்? அடகுக் கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘எத்தனை கிராம் சார்?’ என்பார். சென்னைக்கோ பெங்களூருக்கோ போய், அசல்தானா என்று பரிசோதித்து, பேரம் பேசி முடிப்பதற்குள் வயலில் தண்ணீர் வடிந்துவிடும்.

நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலெக்ஸ் டேடோனா 2017-இல் நியூயார்க் ஏலத்தில் 1 கோடியே 77 லட்சம் டாலருக்குப் போனதை மச்சான் கண்டிப்பாகச் சொல்லியிருப்பார். அதன் பின்பக்கத்தில், கார் பந்தயம் ஓட்டும் கணவருக்கு, ‘பார்த்து ஓட்டு’ என்று மனைவி பொறித்துக் கொடுத்திருந்தார். அந்த விலை அவர் கைக்கு. உங்கள் கையும் என் கையும் அந்தக் கணக்கில் வராது.

வரி விஷயம் சுருக்கமாக. சிங்கப்பூரிலிருந்து வருகிறவர் கையில் கட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்பார்கள். உங்களுக்காக வாங்கி வரும் 6 லட்ச ரூபாய் வாட்ச்சை விமான நிலையச் சுங்கத்தில் காட்டி வரி கட்டியே ஆக வேண்டும். அதைச் சேர்த்தால் விலை 6 லட்சத்தில் நிற்காது. சொந்த உபயோகத்துக்கான சாதாரண வாட்ச்சை எப்போதாவது விற்றால் பொதுவாக மூலதன ஆதாய வரி கிடையாது. லாபத்துக்காகவே வாங்கி விற்றால் வருமான வரித்துறை அப்படிப் பார்க்காது.

சரி, பணத்தை என்ன செய்வது? முதலில் நகைக்கடன். வருடத்துக்கு 19,800 ரூபாய் வட்டி போகிறது. வீட்டில் தங்கம் கேட்கிறார்கள் என்றீர்களே, பேங்க்கில் தூங்கும் நகையை மீட்பதுதான் இப்போது நீங்கள் வாங்கக்கூடிய தங்கம். அப்புறம் ஒரு லட்சம் சேமிப்புக் கணக்கில், மழைக்கும் மருத்துவத்துக்கும். 2.8 லட்சம் மகளின் கல்லூரிக்கு. இரண்டே வருடத்தில் தேவைப்படும் பணம் என்பதால் பங்குச்சந்தைப் பக்கம் போக வேண்டாம், பேங்க் அல்லது தபால் நிலைய டெபாசிட் போதும். மிச்சம் 50,000. இது உங்கள் பைத்தியத்துக்கு. வீட்டில் சண்டை வந்தால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

இப்போது அந்த டப்பா. பணமாக எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். மத்திய அரசு நிறுவனமான எச்.எம்.டி., ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து 1961-இல் பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கியது. லட்சக்கணக்கில் வந்த சரக்கு, மாமனார் மாப்பிள்ளைக்குப் போட்டதும் ரிட்டயர்மென்ட்டில் மேடையில் கொடுத்ததும் அதுதான். டைட்டன் ஓசூரிலிருந்து பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸோடு வந்த பிறகு ஆட்டம் மாறியது. 2016-இல் எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மூடப்போகிறார்கள் என்றதும் பலர் தேடித்தேடி வாங்கினார்கள், விலையும் ஏறியது. ஆனாலும் சாதாரண ஜனதாவுக்குச் சில ஆயிரங்கள், அவ்வளவுதான். டயலில் ‘17 ஜுவல்ஸ்’ என்று இருப்பதைப் பார்த்து யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள். அவை தேய்மானம் குறைக்க வைக்கும் செயற்கை மாணிக்கக் கற்கள், கடுகு சைஸ். கல் தோட்டுக்குக்கூட ஆகாது.

ஆனால் ஒரு நாள் கும்பகோணமோ தஞ்சாவூரோ போய், வயதான ரிப்பேர்காரர் ஒருவரிடம் ஜனதாவின் பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அவர் கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு, மூடியை நகர்த்தி, சாவியை நாலு சுற்று கொடுப்பார். செத்துக் கிடந்த பேலன்ஸ் வீல் ஒரு தடவை தயங்கும், பிறகு முடியை விட மெல்லிய ஸ்பிரிங் விரிந்து சுருங்க, இப்படியும் அப்படியும் ஆடத் தொடங்கும். நொடிக்கு 5 தடவை, ஒரு நாளைக்கு 4,32,000 தடவை. பேட்டரி கிடையாது, உங்கள் அப்பா காலையில் கொடுத்த சாவி ஒன்றுதான் எரிபொருள். மாதத்துக்குச் சில நொடிகளே தவறும் குவார்ட்ஸ் வாட்ச் மலிவாகக் கிடைக்கும்போது, ஒரு நாளில் அத்தனை நொடிகளைத் தவறவிடும் இதை ஏன் கட்டுகிறோம் என்பதற்கு என்னிடம் இதைவிட வேறு பதில் இல்லை.

50,000-இல் முதல் செலவு சர்வீஸ். பதினொன்றையும் ஒரே நேரத்தில் கொடுக்காதீர்கள், மூன்றைக் கொடுத்துக் கை எப்படி என்று பாருங்கள். எண்ணெய் காய்ந்த மெஷினுக்குச் சாவி கொடுத்து ஓடவிட்டால் பல் தேயும், அதனால் அதுவரை சும்மா இருக்கட்டும். நம் பக்கத்து ஈரத்துக்கு டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போடுங்கள். வயலுக்கு இவற்றைக் கட்டிக்கொண்டு போக வேண்டாம். புதிதாக ஒன்று வேண்டுமென்றால் சீக்கோ, சிட்டிசன் ஆட்டோமேட்டிக் மீதிப் பணத்துக்குள் வரும்.

இணையத்தில் பழையது வாங்குவதானால் கவனம். நான் ஒரு எச்.எம்.டி. பைலட் 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். கறுப்பு டயலுக்குப் பேர்போன வாட்ச், எனக்கு வந்தது பளபள வான நீலம். திறந்து பார்த்த ரிப்பேர்காரர், ‘கேஸ் ஒரு வாட்ச், முள் ஒரு வாட்ச், டயல் நேத்து அடிச்ச பெயின்ட்’ என்று சிரித்தார். இந்த மாதிரிச் சரக்குக்குச் சேகரிப்பாளர்களிடையே ‘மும்பை ஸ்பெஷல்’ என்று பெயர். அதனால்தான் சொல்கிறேன், ஃபாவ்ர் லூபாவின் டயல் பழுத்திருக்கிறது, புதுசாக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் தொடவிடாதீர்கள். அந்தப் பழுப்போடு இருந்தால்தான் அதற்கு விலையும்.

கூடப்பிறந்தவர்கள் பற்றி நீங்கள் எழுதவில்லை. அம்மா, அக்கா, தங்கை யார் இருந்தாலும் டப்பாவில் அவர்களுக்கும் பங்கு உண்டு. சர்வீஸுக்குக் கொடுப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் உட்காரவைத்து டப்பாவைத் திறந்துவிடுங்கள். ஃபாவ்ர் லூபாவை யார் எடுத்துக்கொள்வது என்பதை அன்றைக்கே பேசி முடிப்பது நல்லது.