கவ்வாத்து வெட்டுவது யார்?

வணக்கம் ஐயா,

உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். குழந்தை மூளையில் நரம்புக்கலங்களை இணைக்கும் சினாப்ஸ்கள் தேவைக்கு மிஞ்சி உருவாகி, பிறகு வேண்டாதவை கழிக்கப்படும் என்றேன். ஒரு மாணவி, “தேயிலைக்குக் கவ்வாத்து மாதிரியா டீச்சர்? அப்படியென்றால் வெட்டுவது யார்?” என்றாள். நரம்புக்கலங்கள்தான் என்று சமாளித்துவிட்டேன். மூளையில் நரம்புக்கலங்களோடு கூட இருக்கும் நட்சத்திர வடிவக் கலங்களான ஆஸ்ட்ரோசைட்டுகள் வெறும் தாங்கு கலங்கள்தானே?

ஓர் ஆசிரியை, தலவாக்கலை

அன்புள்ள டீச்சர்,

வெட்டுகிறவர்களில் ஆஸ்ட்ரோசைட்டும் உண்டு. மெகஃப்10, மெர்ட்கே என்ற இரு புரதங்களின் துணையோடு அது சினாப்ஸ்களை விழுங்குவதை 2013இல் சுண்டெலிகளில் காட்டினார்கள். மூளையின் நோயெதிர்ப்புக் கலமான மைக்ரோகிளியாவும் இதே வேலை செய்கிறது. கவ்வாத்தில் மலை முழுக்க ஒரே மட்டத்தில் வெட்டிக்கொண்டு போவோம், மூளையில் அப்படியில்லை. எது போகும், எது நிற்கும் என்பதில் நரம்புக்கலங்களின் செயற்பாட்டுக்கும் பங்குண்டு. அதனால் நீங்கள் சொன்ன பதிலும் முழுப் பிழையில்லை.

ஆனால் எனக்கு வெட்டுவதைவிடக் கட்டுவதுதான் ஆச்சரியம். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் நரம்பியல் ஆய்வாளர் பென் பாரஸின் குழு எலியின் விழித்திரை நரம்புக்கலங்களைத் தனியே வளர்த்துப் பார்த்தது. அவை பிழைத்தன, ஆனால் ஒன்றோடொன்று அதிகம் பேசவில்லை. ஆஸ்ட்ரோசைட்டுகளைச் சேர்த்ததும் சினாப்ஸ்கள் ஏறக்குறைய ஏழு மடங்காயின. இது 2001இல் வந்த முடிவு. தொடக்கூடத் தேவையில்லை, ஆஸ்ட்ரோசைட் சுரப்பதே போதும். அந்தச் சுரப்பில் திராம்போஸ்பாண்டின் என்ற புரதம் இருப்பதை 2005இல் கண்டார்கள். அப்புறம் ஒரு சிக்கல்: திராம்போஸ்பாண்டின் மட்டும் கட்டிய சினாப்ஸ் பார்வைக்குச் சரியாக இருந்தது, ஆனால் ஊமை. செய்தியை வாங்கும் பக்கத்தில் அதற்கான ஏற்பிகள் வேலை செய்யவில்லை. அந்த ஏற்பிகளை வரவழைப்பவை கிளிபிகன் 4, 6 என்ற புரதங்கள் என்று 2012இல் தெரிந்தது. அவற்றைச் சுரப்பதும் ஆஸ்ட்ரோசைட்தான். இத்தனையும் செய்கிற கலத்தைத் “தாங்கு கலம்” என்று ஓரமாக உட்கார வைத்திருக்கிறோம்!

நோய்க்கும் இதில் தொடர்பு உண்டு. மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், பெரும்பாலும் பெண் பிள்ளைகளுக்கு வரும் ரெட் (Rett) நோயில் மெக்பி2 என்ற மரபணு பழுதாகிறது. அதே பழுதுள்ள சுண்டெலிகளில் ஆஸ்ட்ரோசைட்டுகளில் மட்டும் அந்த மரபணுவைத் திருப்பிக் கொடுத்தபோது நடையும் மூச்சும் தேறின, ஆயுளும் கூடியது. இது 2011இல். சுண்டெலியில்தான், மறந்துவிடாதீர்கள். இப்படியொரு பிள்ளையை வைத்திருக்கும் பெற்றோரிடம் இதை மருந்துச் செய்தியாகச் சொல்லிவிட வேண்டாம்.

சரி, பரீட்சையில் “தாங்கு கலம்” என்றால்தான் புள்ளி என்றால் அந்தப் பிள்ளை அப்படியே எழுதட்டும். வகுப்பில் மட்டும் அவள் கேள்விக்கு முழுப் பதிலையும் சொல்லிவிடுங்கள்.