பழைய லேப்டாப்பில் 9,500 ரூபாய் போடலாமா?

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறேன். அரை ஏக்கர் தேயிலை உண்டு, பச்சைத் தேயிலை விற்று பெரிதாக ஒன்றும் மிஞ்சுவதில்லை. நாலைந்து கடைகளுக்கு டேலி (கணக்கு எழுதும் மென்பொருள்) போட்டு ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்து தருவதில்தான் மாதம் 11,000 வருகிறது. 2017இல் வாங்கிய ஐ5 லேப்டாப் ஆன் ஆகவே பத்து நிமிஷம் ஆகிறது, கரண்ட் போனால் அப்படியே அணைந்துவிடுகிறது. எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்குக்குப் பதில் போடும் வேகமான டிரைவ்), 8 ஜிபி ரேம், பேட்டரி மாற்ற 9,500 கேட்கிறார்கள். புதியது 48,000, நோ காஸ்ட் இஎம்ஐ உண்டாம். கம்பெனிகள் கழித்துவிட்ட ரீஃபர்பிஷ்டு லேப்டாப் கோவையில் ஒரு கடையில் 22,000. என் சேமிப்பு மொத்தமே 40,000. எதை எடுக்கலாம்?

பதில்: செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் என்று போய் ப்ராசசர் பெயரைப் பாருங்கள் சார். ஐ5-க்குப் பக்கத்தில் 8250 மாதிரி எண் இருந்தால் 8-ஆம் ஜெனரேஷன், அதாவது இன்டெல் ப்ராசசரில் எட்டாம் தலைமுறை, தாராளமாக 9,500 போடுங்கள், மேற்கொண்டு படிக்கவே வேண்டாம். 7200 மாதிரி 7இல் தொடங்கினால் (2017 என்பதால் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்) வேண்டாம்.

எஸ்எஸ்டி போட்டால் வேகம் வரும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இன்டெலில் 8-ஆம் ஜெனரேஷனுக்குக் கீழே, ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 11 தருவதில்லை, விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, தனியாகப் பதிவு செய்தால் கிடைக்கும் பாதுகாப்பு அப்டேட்டும் 2026 அக்டோபர் 13 வரைதான். உங்கள் மெஷினில் இருப்பது உங்கள் கணக்கு மட்டும் என்றால் பரவாயில்லை என்று விட்டிருப்பேன், அடுத்தவர்களின் ஜிஎஸ்டி பாஸ்வேர்டும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் இருக்கிறதே. கடைக்காரர் 'எப்படியாவது 11 ஏற்றித் தருகிறேன்' என்பார், ஏற்றவும் முடியும், ஆனால் அப்டேட் தொடர்ந்து வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் போடலாம், ஆனால் டேலியை விட்டு அதற்குப் போகச் சொல்லவும் எனக்கு மனசில்லை.

அடுத்து புதியது. 48,000-ஐ ஐந்து வருஷத்துக்கு வகுத்தால் மாதம் 800, ரீஃபர்பிஷ்டு 22,000 மூன்று வருஷம் ஓடினால் மாதம் சுமார் 610. வித்தியாசம் ஒன்றும் பெரிதில்லை, புதியதே வாங்கலாமே என்று தோன்றும். கையில் 40,000தான் என்பதுதான் இடிக்கிறது. நோ காஸ்ட் இஎம்ஐ என்றாலும் வட்டிப் பகுதிக்கு 18% ஜிஎஸ்டி, ப்ராசசிங் கட்டணம் எல்லாம் உங்கள் தலையில், ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடியும் போகும். பன்னிரண்டு தவணை என்றால் மாதம் 4,000, உங்கள் 11,000இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். தேயிலை விலை என்றைக்கு நிமிரும் என்று யார் சொல்ல முடியும்?

அதனால் என் ஓட்டு கோவைக்குத்தான். 22,000 போக 18,000 கையில் நிற்கும், அதைத் தொடாதீர்கள். ஆனால் கடையில் கூச்சப்படாமல் பார்க்க வேண்டும்: 8-ஆம் ஜெனரேஷன் அல்லது அதற்கு மேல், 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, கையில் பில், எழுத்தில் வாரன்டி. பேட்டரியைத்தான் ரொம்ப நேரம் சோதிக்கச் சொல்வேன், சார்ஜரைப் பிடுங்கிவிட்டு டேலியைத் திறந்து அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள், கடைக்காரர் முறைத்தாலும் சரி. ஆடிக் காற்றில் மரம் விழுந்து நம் மலையில் கரண்ட் எப்போது வரும் என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் நாளில்தான் 3பி (வரி கட்டித் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டி ரிட்டர்ன்) கடைசித் தேதியும் வந்து நிற்கும், ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் வரி கட்ட வேண்டிய கடைக்காரருக்கு 50 ரூபாய் அபராதம், பேச்சு உங்களுக்கு. பேட்டரி தளர்ந்திருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், இல்லை வேறு மெஷின் காட்டச் சொல்லுங்கள்.

விலையை மறுபடி போன் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், ஏஐ டேட்டா சென்டர்கள் வாங்கிக் குவிப்பதால் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக் கிடக்கிறது, போன மாத விலை இந்த மாதம் நிற்காது.

பழைய லேப்டாப்பை உடனே விற்க வேண்டாம். இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டு டேலி பேக்கப் வைக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பயணத்தை 20-ஆம் தேதிக்கு அப்புறம் வைத்துக்கொண்டால், 3பி முடிந்து டேட்டாவை மாற்ற நிதானமாக நேரம் கிடைக்கும்.