கொப்பி வாங்காத மகன்

அன்புள்ள ஐயா,

என் மகன் கொழும்பில் கம்பஸ் இரண்டாம் வருடம். இந்த வருடம் ஒரு கொப்பிகூட வாங்கவில்லை. போர்டில் எழுதுவதைப் போனில் படம் பிடிக்கிறான். மிச்சமெல்லாம் வட்ஸ்அப்பில் பிடிஎப் ஆக வருகிறதாம். கேட்டால், "இப்ப ஆரம்மா எழுதுறது?" என்கிறான். ஏ.எல். படிக்கும்போது சி.ஆர். கொப்பிகளாக எழுதிக் குவித்த பிள்ளை. கையால் எழுதினால்தான் மனதில் நிற்கும் என்பது உண்மையா, பழைய ஆட்களின் கதையா?

ஒரு வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள வாசகிக்கு,

பாதி உண்மை. 2014இல் அமெரிக்காவில் முல்லர், ஒப்பன்ஹைமர் என்ற இருவர் செய்த ஆய்வைத்தான் எல்லோரும் தூக்கிப் பிடிப்பார்கள். லப்டொப்பில் குறிப்பெடுத்த மாணவர்கள் கேட்டதைச் சொல்லுக்குச் சொல் அடித்துவைத்தார்கள். விளங்கி எழுத வேண்டிய கேள்விகளில் பின்தங்கினார்கள். சரி. 2021இல் வேறொரு குழு அதைத் திரும்பச் செய்து பார்த்தது. சொல்லுக்குச் சொல் அடிக்கும் பழக்கம் மறுபடி தெரிந்தது, புள்ளியில் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே, எழுதினால் புள்ளி கூடும் என்று மகனிடம் சத்தியம் பண்ணாதீர்கள். கூகுளில் தேடி உங்களை மடக்கிவிடுவான்.

எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. பேசுகிற வேகத்துக்குக் கை ஓடாது. எதை எழுதுவது, எதை விடுவது என்று இருந்த இடத்திலேயே முடிவெடுத்தாக வேண்டும். படம் பிடிக்கிறவனுக்கு அந்தத் தொல்லை இல்லை. போர்டு முழுவதும் போனுக்குள் போய், கலியாணப் படங்களுக்கும் மீம்களுக்கும் நடுவில் கிடக்கும்.

பரீட்சைக் காலத்தில் கம்பஸ் பக்கத்துப் போட்டோகொப்பிக் கடையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பட்ச் முழுக்கப் பிரதி எடுப்பது யாரோ ஒரு பிள்ளை கையால் எழுதிய நோட்ஸை. நான் பார்த்த ஒன்றில், ஓரம் கறுத்த தாளில், ஒரு வரைவிலக்கணத்தைச் சுற்றி இரண்டு வட்டம். பக்கத்தில் 'சேர் ரெண்டு தரம் சொன்னவர்'. கீழே ஒரு முழுத் தலைப்புக்கும் 'இது வராது' என்று ஒரே வரி. ஸ்லைட் எல்லார் போனிலும் இருக்கிறது. இருந்தும் அந்தத் தாளுக்குத்தான் வரிசை. (அந்தப் பிள்ளைக்கு யாராவது ஒரு ரோல்ஸாவது வாங்கிக் கொடுத்தார்களா தெரியாது.)

இன்னொன்று, பரீட்சை பெரும்பாலும் இன்னும் பேனையால்தான். தமிழ் மொழிமூல விடைத்தாள்களைத் திருத்தும்போது பார்க்கிறேன்: முதல் கேள்வியில் ஒழுங்காக நின்ற எழுத்து மூன்றாவது மணித்தியாலத்தில் சரிந்துவிடுகிறது. 'ன'வுக்கும் 'ண'வுக்கும் ஒரே சுழி. எது எதுவென்று நான்தான் ஊகிக்க வேண்டும். போனில் 'என்னடா' என்பதையே ஆங்கில எழுத்தில் அடிக்கிற பிள்ளைகள். தமிழ் எழுத்தைக் கை தொடுவதே பரீட்சை மண்டபத்தில்தான் என்றால் வேறென்ன நடக்கும்?

கொப்பி வாங்காததைக் குற்றமாக எடுக்காதீர்கள். 2022இல் தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளையே ஒத்திவைத்தார்கள். கொப்பி விலை எகிறிய அந்த நாட்களைக் கடந்து வந்த பிள்ளைகளுக்குப் போன் படம் சிக்கனமும்கூட. படம் பிடிக்கட்டும். அன்று இரவே போனை மூடிவைத்துவிட்டு, நினைவில் நின்றதை ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். பழைய பேப்பர் செய்யும்போது மட்டும் கடிகாரத்தை வைத்து, பேனையால் முழு விடையும் எழுதட்டும். இந்த இரண்டும் போதும்.

எழுதுவதற்கு ரெப் (டப்லட்) வேண்டும் என்று கேட்டால், ஆய்வைக் காட்டி மறுக்க முடியாது. 2024இல் வெளியான நோர்வே ஆய்வில் 36 மாணவர்களின் மூளை அலைகளைப் பதிந்து, தட்டச்சைவிடக் கையெழுத்தின்போது மூளையின் பகுதிகள் கூடுதலாக இணைந்து இயங்குவதாகச் சொன்னார்களே, அவர்கள் எழுதியதும் தொடுதிரையில் டிஜிட்டல் பேனையால்தான். தட்டச்சுக்கு ஒரே ஒரு விரலை விட்டிருந்தார்கள் என்பதையும் மகன் கண்டுபிடிப்பான். காசு இல்லை என்று மட்டும் சொல்லிப் பாருங்கள்.