தடங்கலுக்கு வருந்துகிறோம்: பழைய டிவி கேள்வி-பதில்

சிறு வயதில் பார்த்த தொலைக்காட்சியைப் பற்றி வாசகர்களிடம் கேள்விகள் கேட்டிருந்தோம். 'அந்தக் காலம்போல வருமா' என்று பெருமூச்சு விட்ட கடிதங்களைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டோம். பதில் சொல்ல முடிந்த கேள்விகள் மட்டும் இங்கே.

ஞாயிற்றுக்கிழமை சினிமா நல்ல கட்டத்துக்கு வரும்போதுதான் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' அட்டையைப் போடுவார்கள். அப்படி என்னதான் தடங்கல்?
– வாசகர், தஞ்சாவூர்

அந்த அட்டை தெரிந்தது என்றாலே உங்கள் ஏரியலும் ஒளிபரப்புக் கோபுரமும் நன்றாக இருந்தன என்று பொருள். கோளாறு நிலையத்துக்குள். சினிமாவை 'டெலிசினி' என்ற எந்திரத்தில் பிலிம் சுருளாகவே ஓட்டினார்கள். பல தியேட்டர்களில் ஓடித் தேய்ந்து, ஒட்டுப்போட்ட பிரதிகள் அவை. ஓரத் துளை கிழிந்தால் படம் குதிக்கும், ஒட்டு விட்டால் சுருள் அறும். அறுந்ததை ஒட்டி மறுபடி கோத்து ஓட்டச் சில நிமிடங்கள் ஆகும். வீடியோ டேப்பில் ஓடிய நிகழ்ச்சி என்றால், டேப்பின் பூச்சு உதிர்ந்து, டேப்பைப் படிக்கும் ஹெட்டை அடைத்திருக்கும்.

திரை கறுத்துச் சத்தமும் இல்லாமல் போனால் அது வேறு: கோபுரம் வேலை செய்கிறது, அதற்கு வரவேண்டிய இணைப்பு அறுந்துவிட்டது. 'உஸ்' என்ற இரைச்சலோடு புள்ளி மழை பெய்தால்தான் கோபுரம் நின்றிருக்கும், அல்லது உங்கள் ஏரியல் திரும்பியிருக்கும். மொட்டை மாடிக்கு ஏற வேண்டியது இந்த மூன்றாவதற்கு மட்டும். முதல் இரண்டுக்கும் ஏறி, சரியாக இருந்த ஏரியலைத் திருப்பிவிட்டு வந்த வீடுகள்தான் அதிகம்.

வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பாட்டுகள் கேசட்டில் இருப்பதைவிடச் சுருதி கூடுதலாகக் கேட்டதாக ஞாபகம். பிரமையா?
– வாசகி, மயிலாடுதுறை

பிரமை இல்லை. சினிமா பிலிம் நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும். நம் ஊர் டிவி முறையான பால் (PAL), நொடிக்கு 25. இந்த முறையில் பிலிமையும் 25-க்கே ஏற்றி ஓட்டிவிடுவது வழக்கம். வேகம் 4 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் கூடும். நான்கு நிமிடப் பாட்டு சுமார் 10 நொடி முன்னதாக முடியும், மூன்று மணி நேரப் படம் 7 நிமிடம் முன்னதாக முடியும். சுருதியும் கூடவே ஏறும். ஒன்றரைக் கட்டைப் பாட்டு இரண்டுக்குக் கொஞ்சம் குறைவாக, எந்த ஆர்மோனியக் கட்டையிலும் உட்காராமல் நிற்கும். வீட்டு டேப் ரெக்கார்டரின் பெல்ட் தளர்ந்திருந்தால் கேசட் பக்கம் சுருதி இறங்கியிருக்கும். வித்தியாசம் இரண்டு பக்கமும் விரிந்து உங்கள் காதில் விழுந்திருக்கிறது.

பழைய பால் டிவிடியிலிருந்து இணையத்தில் ஏற்றிய பாட்டுகளிலும் இதே கோளாறு இருக்கும். ஆடாசிட்டி மென்பொருளில் வேகத்தை 0.96 மடங்காக்கினால் சரியாகிவிடும். வேகமும் சுருதியும் சேர்ந்து மாறும் வசதியைத்தான் எடுக்க வேண்டும். 'டெம்போ' மட்டும் மாற்றினால் பாட்டு மெதுவாகும், சுருதி இறங்காது.

போன் போட்டுப் பேசும் நிகழ்ச்சிகளில் தொகுப்பாளினி முதலில் சொல்வது 'உங்க டிவி சவுண்டைக் கம்மி பண்ணுங்க'. எதற்கு?
– வாசகர், சேலம்

பெப்சி உமா காலத்து நேயர்களுக்கெல்லாம் மனப்பாடமான வாக்கியம். செயற்கைக்கோள் வழி வரும் ஒளிபரப்பில் குரல் 36,000 கிலோமீட்டர் மேலே போய் அதே தூரம் கீழே வர வேண்டும். அதற்கே கால் நொடி ஆகும். நீங்கள் 'ஹலோ' என்றால் அந்த 'ஹலோ' கால் நொடி கழித்து உங்கள் டிவியில் ஒலித்து, ரிசீவர் வழியாக மறுபடி ஸ்டுடியோவுக்கே போகும். அங்கிருந்து திரும்பவும் டிவிக்கு. சுற்றச் சுற்ற எதிரொலி பெருகி ஊளையிடத் தொடங்கிவிடும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. தன் குரலே தாமதமாகக் காதில் விழுந்தால் யாருக்கும் பேச்சுத் தடுமாறும். பேர் சொல்லவே திக்கிய நேயர்களில் பலர் கூச்சத்தால் திக்கவில்லை. ஸ்டுடியோ பக்கம் இதற்கு ஏற்பாடு உண்டு: போனில் இருப்பவருக்கு நிகழ்ச்சியின் ஒலி முழுவதும் போகும், அவருடைய குரலை மட்டும் கழித்துவிடுவார்கள். வீட்டு டிவியின் ஒலிபெருக்கியை அங்கிருந்து கழிக்க முடியாதே! அதனால்தான் வாயால் கேட்டுக்கொண்டார்கள்.

பள்ளியில் படித்தபோது 'கண்மணிப் பூங்கா'வில் என் தங்கை ஆடினாள். மாமா வீட்டு டெக்கில் பதிவு செய்த வி.எச்.எஸ். கேசட் பரணில் கிடைத்தது. இப்போது போட்டுப் பார்க்கலாமா? கணினிக்கு மாற்றுவது எப்படி?
– வாசகர், திருச்சி

உடனே போட்டுப் பார்க்காதீர்கள். முதலில் கேசட்டின் கண்ணாடி வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். சுருளின் பக்கவாட்டில் வெள்ளையாகப் பொடியோ, நூல் படிந்ததுபோலவோ தெரிந்தால் அது பூஞ்சை. அதை டெக்கில் போட்டால் ஹெட் அடைபடும், அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் ஒட்டும். பூஞ்சை பிடித்ததை, டேப் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுவதுதான் நல்லது. வெயிலில் காயவைக்கும் யோசனை வேண்டவே வேண்டாம், டேப் நெளிந்துவிடும்.

சுத்தமாக இருந்தால், கேசட்டின் முதுகில் இடது ஓரத்திலுள்ள சிறு பிளாஸ்டிக் நாக்கை உடைத்துவிடுங்கள். கை தவறி 'ரெக்கார்ட்' அழுத்தினாலும் பதியாது. பிறகு சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் இரண்டு நாள் வையுங்கள். அடுத்து, முக்கியமில்லாத ஒரு கேசட்டைப் போட்டு டெக் டேப்பைக் கடிக்கிறதா என்று சோதியுங்கள். பல ஆண்டுகள் சும்மா கிடந்த டெக்கில் ரப்பர் உருளை இறுகி, பெல்ட் தளர்ந்திருக்கும், டேப்பை இழுத்து முடிச்சுப் போட்டுவிடும். இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டுத்தான் ஒரே ஒரு பிரதியை இழக்கிறார்கள்.

சோதனை தேறினால் உங்கள் கேசட்டை ஒருமுறை கடைசிவரை ஓடவிட்டுத் திரும்பச் சுற்றுங்கள். ஒட்டிக்கொண்ட சுற்றுகள் பிரியும். ஓட்டும்போது 'பாஸ்' போட்டு ரசிக்காதீர்கள். ஹெட் நிமிடத்துக்கு 1500 சுற்று சுழன்று ஒரே இடத்தைத் தேய்க்கும். படத்தில் வெள்ளைக் கோடுகள் ஓடினால் 'டிராக்கிங்' பொத்தானால் அவற்றைக் கீழ் ஓரத்துக்குத் தள்ளலாம். அடி ஓரத்தில் மட்டும் மெல்லிய கலங்கல் எப்போதும் இருக்கும், அது கோளாறு அல்ல. பதிவு செய்த அதே டெக் உயிரோடு இருந்தால் அதிலேயே ஓட்டுவது நல்லது, படமும் ஒலியும் அதில்தான் சரியாகப் பொருந்தும்.

கணினியில் பிடிக்க யு.எஸ்.பி. கேப்சர் கருவி போதும். மஞ்சள் வயர் படத்துக்கு, வெள்ளை ஒலிக்கு. தவறு பெரும்பாலும் மென்பொருளில்தான் நடக்கும். முறை 'பால்', அளவு 720×576, நொடிக்கு 25 ஃபிரேம் என்று வையுங்கள். அமெரிக்க முறையான என்.டி.எஸ்.சி. என்று விட்டுவிட்டால் படம் உருளும், அல்லது வண்ணம் போய்விடும். 1080 என்று பெரிதாக்கிப் பிடிப்பதால் தெளிவு கூடாது, கோப்புதான் வீங்கும். ஆடும்போது கையோரம் சீப்புப் பல் மாதிரி தெரிந்தால், படத்தின் ஒற்றைப்படைக் கோடுகளும் இரட்டைப்படைக் கோடுகளும் வெவ்வேறு நேரத்தில் பிடித்தவை என்பதுதான் காரணம். அதைப் பிடிக்கும்போது சரிசெய்யாதீர்கள். பின்னால் 'டிஇன்டர்லேஸ்' செய்து நொடிக்கு 50 ஃபிரேமாக மாற்றினால் ஆட்டம் வழுக்கிக்கொண்டு ஓடும். 4:3 படத்தை அகலத்திரைக்கு இழுத்துவிட்டு, தங்கை குண்டாகத் தெரிகிறாள் என்று எங்களுக்குக் கடிதம் போடாதீர்கள்.

டேப் நைந்த இடத்தில் ஃபிரேம்கள் விட்டுப்போய், போகப்போக உதடும் ஒலியும் பொருந்தாது. 'டைம் பேஸ் கரெக்டர்' என்ற கருவி இதைச் சரிசெய்யும். அது கிடைக்காவிட்டால், பழைய டிவிடி ரெக்கார்டர் ஒன்றை நடுவில் வைத்து அதன் வழியாக அனுப்பினாலே பாதித் தொல்லை தீரும்.

டிவி (DV) வடிவில் பிடித்தால் மணிக்கு சுமார் 13 ஜி.பி. ஆகும். இங்கே 'டிவி' என்பது டிஜிட்டல் வீடியோ கேமராக்களின் கோப்பு வகை. மூன்று மணி நேர இ-180 கேசட்டுக்கு 40 ஜி.பி. இந்த மூலக் கோப்பை வைத்துக்கொண்டு, உறவினருக்கு அனுப்ப எம்.பி.4 தனியாகச் செய்யுங்கள். நடுவில் வரும் விளம்பரம், அறிவிப்பாளர் முகம் எதையும் வெட்ட வேண்டாம். டேப் விலை அதிகம் என்பதால் பதிந்ததன் மேலேயே மறுபடி பதிவது உலகெங்கும் நிலையங்களில் நடந்தது. 'டாக்டர் ஹூ' தொடரின் 1960களின் பல பகுதிகள் பி.பி.சி.யிடமே இல்லை. நேயர்கள் வீட்டு டேப் ரெக்கார்டரில் பிடித்த ஒலிதான் மிஞ்சியது. உங்கள் பரண் கேசட்டும் அந்த வகைச் சரக்கு.

தூர்தர்ஷனில் வந்த 'ஹம் லோக்' இந்தித் தொடரில், பகுதியின் முடிவில் நடிகர் அசோக் குமார் ஏன் வந்து பேசினார்? கதையிலேயே அவர் இல்லையே?
– வாசகி, கோவை

கதைக்கு வெளியே நிற்கத்தான் அவரைப் போட்டார்கள். 1984 ஜூலை 7-இல் தொடங்கி 150-க்கும் மேற்பட்ட பகுதிகள் ஓடிய அந்தத் தொடருக்கு மெக்சிகோவில் தயாரிப்பாளர் மிகேல் சபீடோ செய்த தொடர்கள்தான் முன்மாதிரி. குடும்பக் கதைக்குள் குடும்பக் கட்டுப்பாடு, பெண் கல்வி போன்றவற்றை நுழைத்துவிட்டு, கடைசியில் மக்கள் மதிக்கும் ஒருவர் அன்றைய சங்கதியை எடுத்துச் சொல்வது சபீடோ வகுத்த முறை. அசோக் குமார் விடைபெறும்போது தொடரின் தலைப்பை வெவ்வேறு இந்திய மொழிகளில் சொல்வார். தமிழில் அது சிக்கல்தான். 'நாம்' என்றால் பார்ப்பவரும் சேர்த்தி, 'நாங்கள்' என்றால் சேர்த்தி இல்லை. இந்தியில் இரண்டுக்கும் ஒரே 'ஹம்'. தொடரின் நோக்கத்துக்கு 'நாம்'தான் பொருந்தும்.

தூத்துக்குடியில் சில இரவுகளில் ரூபவாஹினி கண்ணாடிபோலத் தெரியும், மறுநாள் ஒன்றுமே இருக்காது. ஏன்?
– வாசகர், தூத்துக்குடி

1982 பிப்ரவரி 15-இல் தொடங்கிய இலங்கை அரசுத் தொலைக்காட்சியான ரூபவாஹினியின் முக்கியக் கோபுரம் பிதுருதலாகல மலையில் இருக்கிறது. உயரம் 2,524 மீட்டர், இலங்கையிலேயே உயர்ந்த சிகரம். அவ்வளவு உயரத்திலிருந்தும் பூமியின் வளைவைத் தாண்டி, வீட்டு ஏரியலுக்கு நேராக எட்டுவது சுமார் 220 கிலோமீட்டர்தான். தூத்துக்குடி ஏறத்தாழ 350. மிச்ச தூரத்தைக் கடந்தது கடலின் தயவால். கடல்மேல் குளிர்ந்த ஈரக்காற்றும் அதற்கு மேல் சூடான வறண்ட காற்றுமாக அடுக்கு உண்டானால், அலைகள் நடுவில் குழாய்க்குள் போவதுபோல வளைந்து வரும். காற்று கலைந்தால் குழாயும் கலைந்துவிடும்.

தெரிந்த வீடுகளில் இரண்டு விஷயம் சரியாக இருந்திருக்கும்: ஏரியல் தென்கிழக்கே பார்த்திருக்கும், பூஸ்டர் கம்பத்தின் உச்சியில் இருக்கும். டிவிக்குப் பக்கத்தில் பூஸ்டர் வைத்தவர்கள், வயரில் ஏற்கெனவே தேய்ந்துபோன சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கிக்கொண்டார்கள். இரு நாட்டிலும் ஒரே பால் முறை என்பதால் ஒலியும் தானாகவே கிடைத்தது. பக்ஸ் பன்னியை 'ஹா ஹா ஹரி ஹாவா' என்று சிங்களத்தில் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நம் கரையிலும் இருப்பது அதனால்தான்.

கதவு வைத்த பழைய டயனோரா கறுப்பு-வெள்ளை டிவி இருக்கிறது. ஏரியல் மாட்டினால் ஏதாவது தெரியுமா?
– வாசகர், காரைக்குடி

தெரியாது. தூர்தர்ஷனின் அனலாக் கோபுரங்களில் மிகச் சிலவற்றைத் தவிர மற்றவை 2022 மார்ச்சுக்குள் படிப்படியாக நிறுத்தப்பட்டுவிட்டன. படம் காட்ட வேறு வழி உண்டு. முதலில் மெக்கானிக்கிடம் கொடுத்து, காய்ந்துபோன மின்தேக்கிகளை மாற்றுங்கள். மாற்றாமல் சுவிட்சைப் போட்டால் புகைதான் முதல் காட்சி. நீங்களே திறக்காதீர்கள். படக்குழாயில் 10,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், அணைத்த பிறகும் தங்கும்.

பிறகு எச்.டி.எம்.ஐ.யை ஏவியாக மாற்றும் டப்பா, அதை ஏரியல் சிக்னலாக்கும் ஆர்.எஃப். மாடுலேட்டர், 75 ஓம் வயரிலிருந்து டிவியின் 300 ஓம் திருகுகளுக்கு ஒரு பலூன். ஊதும் பலூன் இல்லை, சிறு டிரான்ஸ்ஃபார்மர். அமெரிக்க முறை மாடுலேட்டரை வாங்கினால் படம் ஒருவேளை நின்றாலும் சத்தம் வராது. அங்கே ஒலி படத்திலிருந்து 4.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி, இங்கே 5.5. 'பால் பி/ஜி, வி.எச்.எஃப்.' என்று கேட்டு வாங்குங்கள்.

எங்கள் குடியிருப்புப் பொங்கல் விழாவில் அப்துல் ஹமீத் பாணியில் 'பாட்டுக்குப் பாட்டு' நடத்தப் போகிறோம். சண்டை வராமல் நடத்த வழி?
– வாசகி, சென்னை

எழுத்துச் சீட்டுகளை முன்னாலேயே சலித்துவிடுங்கள். ங, ண, ழ, ள, ற, ன வேண்டாம். ஈ, ஊ, ஐ கடைசிச் சுற்றுக்கு மட்டும். ஞ வைத்தால் ஞாயிறு, ஞானம் என்று இரண்டோடு நின்றுவிடும். ஒரு மணி நேரத்துக்கு 40 சீட்டு, பாடத் தொடங்க 15 நொடி, பல்லவி முழுவதும் பாட வேண்டும்.

சண்டை மூன்று இடத்தில்தான் வரும். 'க' என்றால் 'கா' செல்லுமா? ச-வுக்கு ஸ, ஷ, ஜ செல்லுமா? முன்னால் வரும் 'லாலலா' ஹம்மிங் பாட்டின் முதலெழுத்தாகுமா? மூன்றுக்கும் முடிவை மேடையிலேயே முதலில் அறிவியுங்கள். குறில், நெடில் தனித்தனி என்று வைத்தால் போட்டி இறுகும், ஆனால் சிறுவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். ஹம்மிங்கை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒருமுறை விட்டால் 'ல' வரும்போதெல்லாம் லாலலாதான்.