காப்பகத்தில் வளரும் குழந்தை அம்மாவிடம் ஒட்டாமல் போய்விடுமா?

ஏழு மாதக் குழந்தை நாள் முழுதும் காப்பகத்தில் இருந்தால் ஆயாவிடமே ஒட்டிக்கொள்ளுமா என்று கேட்கிறீர்கள். ஒட்டட்டும், நல்லதுதான்; உங்கள் இடம் பறிபோகாது.

அமெரிக்காவில் 1991இல் தொடங்கி ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பின்தொடர்ந்த அரசு ஆய்வு ஒன்று உண்டு. 15 மாத வயதில் சோதித்தபோது, காப்பகத்தில் விட்டதாலேயே தாயோடுள்ள பிணைப்பு குலைந்துவிடவில்லை. குழந்தையின் சிணுங்கலைப் புரிந்துகொண்டு தாய் எப்படி நடக்கிறாள் என்பதே பெரிதாக இருந்தது. அதிலும் குறை, காப்பகமும் மோசம் என்றால் சிக்கல் கூடியது.

என் மகள் மாலையில் என்னைக் கண்டதும் சிரிக்க மாட்டாள். துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு வீறிட்டு அழுவாள். வெறுப்பென்று நினைத்து நானும் அழுதிருக்கிறேன். அது உரிமை. வீட்டுக்கு வந்ததும் குக்கரை ஏற்றாதீர்கள். அரைமணி நேரம் மடியில் வைத்திருங்கள், கைப்பேசி பைக்குள்ளேயே இருக்கட்டும்.