சாகச நாவலை சுருக்கிக் கொடுக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

பசங்களுக்குப் படம் போட்ட, சுருக்கின கிளாசிக் நாவல்கள் வாங்கித் தரலாமான்னு நிறைய பேர் கேட்டு எழுதியிருந்தீங்க, அதனால இந்தத் தடவை முழுப் பகுதியையும் அதுக்கே ஒதுக்கிட்டேன்.

கேள்வி: வணக்கம் அக்கா. என் பையனுக்கு எட்டு வயசு. படம் போட்ட 'ட்ரெஷர் ஐலண்ட்' சின்ன எடிஷன் வாங்கிக் கொடுத்தேன், ஒரே மூச்சுல முடிச்சுட்டான். என் வீட்டுக்காரர் "இதெல்லாம் நிஜமான புக்கே இல்ல, கதை தெரிஞ்சுட்டா அப்புறம் ஒரிஜினல தொடவே மாட்டான்"னு சொல்றார். யார் சொல்றது சரி?

பதில்: நீங்க செஞ்சது சரிதாங்க. எட்டு வயசுப் பையன் ஒரே மூச்சுல ஒரு புக்கை முடிச்சிருக்கான், முதல்ல அதுக்கு சந்தோஷப்படுவோம். பெரியவங்களுக்கு எழுதினதை சின்னவங்களுக்கு சுருக்கிச் சொல்றது இன்னைக்கு நேத்து வந்த பழக்கமும் இல்ல, சார்லஸ் லாம்பும் அவரோட அக்கா மேரி லாம்பும் ஷேக்ஸ்பியர் நாடகங்கள குழந்தைங்களுக்குக் கதையா மாத்தி 1807லயே புக் போட்டாங்க, அது இன்னைக்கும் அச்சுல இருக்கு.

ஆனா உங்க வீட்டுக்காரர் பயப்படுறதுலயும் நியாயம் இருக்கு, ஏன்னா சுருக்கின புக் எல்லாமே ஒரே தரம் கிடையாது. சிலர் சில சம்பவங்கள மொத்தமா எடுத்துட்டு மீதி இருக்கறத உயிரோட விட்டுடுவாங்க. சிலர் ஒரு சம்பவத்தையும் விடாம எல்லாத்தையும் ரெண்டு ரெண்டு வரியா நசுக்கி வெச்சிருப்பாங்க. இந்த ரெண்டாவது வகைதான் ஆபத்து, கதை என்னன்னு தெரிஞ்சுடும், ஆனா அதுல என்ன இருக்குன்னு ஊரே கொண்டாடுதுன்னு பிள்ளைக்குக் கடைசிவரைக்கும் புரியாது.

உங்க கையில இருக்கறது எந்த வகைன்னு கண்டுபிடிக்க ஆப்பிள் பீப்பாய் வர்ற இடத்தை எடுத்துப் பாருங்க. ஒரிஜினல்ல அது பத்தாவது அத்தியாயத்தோட கடைசியில தொடங்கி பதினோராவதுல வரும். கதையைச் சொல்ற பையன் ஜிம் வேவு பாக்கவெல்லாம் போகல, ஆப்பிள் திங்கணும்னு தோணுது, பீப்பாய் கிட்டத்தட்ட காலி, அதனால உள்ளயே இறங்கிடறான், இருட்டு, கப்பல் ஆடுற ஆட்டத்துல கண்ணு சொக்குது, அப்ப யாரோ ஒரு தடி ஆள் பக்கத்துல தொப்புனு உக்காந்து பீப்பாய் மேலயே சாய்றான். பேச ஆரம்பிச்சதும் தெரியுது, கப்பல் சமையல்காரன் சில்வர். தன்கிட்ட அவ்ளோ பாசமா இருந்த அதே சில்வர், ஜிம்மை எந்த வார்த்தையால புகழ்ந்தானோ அதே வார்த்தையால இன்னொரு சின்ன வயசு மாலுமியப் புகழ்ந்து தன் கூட்டத்துல சேத்துட்டு இருக்கான். ஜிம்முக்கு அதைக் கேட்டு வர்ற ஆத்திரம் இருக்கே, என்னைப் பொறுத்தவரை அந்த நாவலோட உயிரே அங்கதான் இருக்கு. அப்புறம் சில்வர் அந்தச் சின்ன மாலுமிகிட்ட "எந்திரிச்சு எனக்கு ஒரு ஆப்பிள் எடுத்துக் குடு"ங்கறான், அவன் எந்திரிக்கிற சத்தம் ஜிம்முக்குக் கேக்குது, குதிச்சு ஓடலாம்னா கை கால்ல தெம்பில்ல, நல்லவேளையா இன்னொருத்தன் "ஆப்பிள் எதுக்கு, ரம் குடிப்போம்"னு தடுத்துடறான்.

நல்ல எடிஷன்ல இது ரெண்டு மூணு பக்கமாவது வரும், அந்த ஆள் எந்திரிக்கிற சத்தம் கண்டிப்பா இருக்கும். மோசமான எடிஷன்ல "பீப்பாய்க்குள் ஒளிந்திருந்த ஜிம், சதித்திட்டத்தைக் கேட்டு அதிர்ந்தான்"னு ஒரே வரியில தாண்டிப் போயிருப்பாங்க. அப்படி இருந்தா அந்த புக்கை மாத்துங்க, சுருக்கின புக்கே வேண்டாம்னு முடிவு பண்ணாதீங்க.

ஒரிஜினலுக்கு எப்ப போவான்னு இப்பவே கவலைப்பட வேண்டாம். மொத்தமே 34 அத்தியாயம்தான், அதுவும் சின்னச் சின்ன அத்தியாயம், பன்னெண்டு வயசு வாக்குல முதல் அத்தியாயத்தை நீங்களோ உங்க வீட்டுக்காரரோ சத்தமா படிச்சுக் காட்டி நிறுத்திடுங்க. கதை தெரியும்ங்கறதாலயே பழைய நடையும் நீள வாக்கியமும் அவனை அவ்ளோ மிரட்டாது.

கேள்வி: வணக்கம்மா. பேத்திக்குப் பத்து வயசு ஆகுது. கிளாசிக் நாவல்கள் மொத்தமா ஒரு செட்டா வருதே, ஒவ்வொண்ணும் அறுபது எழுபது பக்கம், அதை வாங்கிப் பரிசா கொடுக்கலாம்னு இருக்கேன். உங்க யோசனை என்னம்மா?

பதில்: ஐயா, செட்டா வாங்காதீங்க, ஒண்ணொண்ணா புரட்டிப் பாத்து எடுங்க. எல்லா நாவலையும் ஒரே அறுபது பக்கத்துல அடைக்க முடியாது.

ஜோனதன் ஸ்விஃப்ட் 1726ல எழுதின கலிவர் தாராளமா வாங்கலாம். மொத்தம் நாலு பயணம், குழந்தைங்க எடிஷன்ல பெரும்பாலும் குள்ளர்கள் நாடும் ராட்சதர்கள் நாடும் மட்டும்தான் இருக்கும், அந்த ரெண்டும் தனித்தனியா நிக்கிற கதைங்கறதால ஒண்ணும் குறைஞ்சுடாது. அரண்மனையில தீப்பிடிச்சப்ப கலிவர் மூத்திரம் பெஞ்சு அணைக்கிறது ஒரிஜினல்ல உண்டு, நிறைய எடிஷன்ல அதைத் தூக்கிடறாங்க. அது இருக்கற புக்கா பாத்து வாங்குங்கன்னுதான் நான் சொல்வேன், பத்து வயசுப் பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கும், அதோட அரண்மனையைக் காப்பாத்தினவன் மேலயே ராணிக்கு ஏன் அவ்ளோ வெறுப்புன்னு கேக்கவும் செய்யும்.

ஜூல் வெர்னோட எண்பது நாள் உலகப் பயணம்னா ஒரே ஒரு விஷயம் பாருங்க, வேலைக்காரர் பாஸ்பார்டுவோட கடிகாரம். போற ஊருக்கெல்லாம் நேரம் மாறும், இவர் மட்டும் லண்டன் நேரத்தை மாத்தவே மாட்டேன்னு அடம் பிடிப்பார். கிழக்கு நோக்கியே சுத்தி வந்ததால ஒரு நாள் லாபமாகுதுங்கறதுதான் கடைசித் திருப்பம், அதுக்கு விதை அந்தக் கடிகாரம். பக்கம் மிச்சம் பண்றேன்னு அதை வெட்டிட்டா முடிவு ஏதோ மாயமந்திரம் மாதிரி வந்து விழும். கடிகாரம் இருக்கற எடிஷன்னா படிச்சு முடிச்சதும் ஒரு உலக உருண்டையை வெச்சு ரெண்டு பேரும் சேந்து கணக்குப் போட்டுப் பாருங்க ஐயா, அந்த ஒரு சாயங்காலம் பேத்திக்கு ரொம்பப் பிடிக்கும். பின் அட்டையில முடிவைச் சொல்லிடற எடிஷன் மட்டும் வேண்டாம்.

மான்டி கிறிஸ்டோ மட்டும் இப்ப வேண்டவே வேண்டாம். 1844ல தொடங்கி செய்தித்தாள்ல தொடரா வந்த ஆயிரம் பக்கத்துக்கு மேலான நாவல் அது, எட்மண்ட் டான்டெஸ் செய்யாத குத்தத்துக்கு 14 வருஷம் கோட்டைச் சிறையில கிடக்கிறான், பக்கத்து அறைக் கிழவர்கிட்ட பாஷையும் கணக்கும் படிக்கிறான், அந்தக் காத்திருப்பை நாமளும் கூடவே அனுபவிச்சாதான் அப்புறம் அவன் பழி வாங்குறதுல ஒரு அர்த்தம் இருக்கும். அறுபது பக்கத்துல சிறைக்கு அரைப் பக்கம்தான் கிடைக்கும், மீதி முழுக்கப் பழி வாங்குறதுதான், ஒரு கொடூரமான ஆளோட கதையா அது மாறிடும். பதினஞ்சு வயசுல முழுசா படிக்கட்டும்.

கேள்வி: மேடம், ராபின்சன் குரூசோ என் பொண்ணுக்கு (வயசு 9) ரொம்பப் பிடிச்ச புக். சமீபத்துல ஒரிஜினலைப் படிச்சப்பதான் அதுல அடிமை வியாபாரம் எல்லாம் வருதுன்னு தெரிஞ்சுது. சின்ன புக்குல அது எதுவுமே இல்ல. அவகிட்ட சொல்லணுமா, இல்ல அப்படியே விட்டுடலாமா?

பதில்: சொல்லுங்க. ஒன்பது வயசுக்கு அது தாங்கும்.

டெஃபோ 1719ல எழுதினது. குரூசோ கப்பல் உடைஞ்சு தீவுல ஒதுங்கறதே ஆப்பிரிக்காவுல இருந்து அடிமைங்கள வாங்கிட்டு வரப் போன பயணத்துலதான், சின்ன புக்குல சும்மா "கடல் பயணம் கிளம்பினான்"னு மட்டும் இருக்கும். அதுக்கும் முன்னாடி ஜூரின்னு ஒரு பையன் வருவான், குரூசோ ஒருத்தர்கிட்ட அடிமையா மாட்டிக்கிட்டு ஒரு படகுல தப்பிச்சப்ப கூடவே வந்த பையன், அவனுக்காக உயிரையும் கொடுக்கத் தயாரா இருந்தவன். அந்தப் பையனை குரூசோ ஒரு கப்பல் கேப்டன்கிட்ட அறுபது வெள்ளிக் காசுக்கு வித்துடறான். தானே அடிமையா இருந்து தப்பிச்சவன்! அப்புறம் தீவுல தான் காப்பாத்தின ஃப்ரைடேவுக்கும் பேரைக்கூடக் கேக்காம தானா ஒரு பேர் வெச்சு, தன்னை "மாஸ்டர்"னு கூப்பிடத்தான் கத்துக் கொடுக்கிறான்.

இதையெல்லாம் பாடம் மாதிரி உக்கார வெச்சு சொல்ல வேண்டாம். அடுத்த தடவை அந்த புக்கை அவ கையில எடுக்கும்போது "இதுல விட்டுப்போன ஒரு கதை இருக்கு, சொல்லட்டுமா"ன்னு ஜூரி கதையை சொல்லிட்டு, இந்த சம்பவத்தை ஜூரி எழுதியிருந்தா எப்படி எழுதியிருப்பான்னு கேட்டுப் பாருங்க. குரூசோவைப் பிடிக்கறது நின்னு போயிடுமோன்னு பயப்படாதீங்க. ஒத்தை ஆளா தீவுல பிழைக்கிற சாமர்த்தியத்தை ரசிக்கலாம், அதே ஆள் செஞ்சது தப்புன்னும் சொல்லலாம், குழந்தைங்களுக்கு இந்த ரெண்டும் ஒரே நேரத்துல முடியும். ஆறு ஏழு வயசுப் பிள்ளைன்னா ஆடு, கிளி, மணல்ல இருக்கற ஒத்தைக் காலடித் தடம், இது போதும், மத்தது அப்புறம்.

கேள்வி: படத்தைப் பாத்துப் பாத்துப் படிச்சா கற்பனை வளராதுன்னு சொல்றாங்களே?

பதில்: ட்ரெஷர் ஐலண்ட் பொறந்ததே ஒரு படத்துல இருந்துதாங்க. அந்த நாவலை எழுதின ஸ்டீவன்சன் 1881ல ஸ்காட்லாந்துல தன் மனைவியோட மகன்கூட உக்காந்து விளையாட்டா ஒரு தீவோட மேப் வரைஞ்சு கலர் அடிச்சார், அதைப் பாத்துட்டே இருந்தப்பதான் ஆளுங்க அதுல நடமாட ஆரம்பிச்சாங்க, கதை வந்தது. அதனால மேப் இல்லாத ட்ரெஷர் ஐலண்ட் எடிஷனை நான் யாருக்கும் சிபாரிசு பண்ண மாட்டேன். வெர்னோட நாவல்களும் அந்தக் காலத்துலயே படங்களோடதான் வந்துச்சு.

பாக்க வேண்டியது படம் எந்த இடத்துல இருக்குங்கறதத்தான். அடுத்த பக்கத்துல நடக்கப் போறதை இந்தப் பக்கமே காட்டிக் கொடுத்துட்டா படிக்கிற திக்திக் போயிடும். எல்லாத்தையும் காட்டாம விடற படம்தான் நல்ல படம். ஓவியர் என். சி. வயத் 1911ல ட்ரெஷர் ஐலண்டுக்கு வரைஞ்ச குருட்டுக் கொள்ளைக்காரன் ப்யூ படத்தைத் தேடிப் பாருங்க, ராத்திரி, கையில தடி, வாய் திறந்து கத்திக்கிட்டே தடவித் தடவி வர்றான், அவனை விட்டுட்டு ஓடினவங்க யாருமே படத்துல இல்ல. எங்க போனாங்கன்னு பிள்ளை கேக்கும்ல, அந்தக் கேள்விதான் கற்பனை.

கேள்வி: காமிக்ஸா வர்ற கிளாசிக்ஸ் படிச்சா அது படிக்கறதுல சேருமா?

பதில்: சேரும். 1941ல தொடங்கின கிளாசிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்ங்கற காமிக்ஸ் வரிசையோட முதல் இதழே மூணு மஸ்கட்டியர்ஸ்தான். படிக்கட்டும், ஆனா அது மட்டுமே வேண்டாம், மனசுக்குள்ள நடக்கறதை சொல்ல காமிக்ஸ்ல இடம் கம்மி.

கேள்வி: அக்கா, என் பொண்ணு "இந்த புக்ஸ்ல எல்லாம் ஏன் பொண்ணுங்களே இல்ல"ன்னு கேக்குறா. என்ன சொல்றது?

பதில்: அவ கவனிச்சது உண்மை, அதை மழுப்பாம ஒத்துக்கோங்க. ட்ரெஷர் ஐலண்ட்ல பேசுற பெண் பாத்திரம்னு சொல்லணும்னா ஜிம்மோட அம்மா மட்டும்தான். ஆனா அந்த அம்மா சாதாரண ஆள் இல்ல, கொள்ளைக்காரங்க எந்த நிமிஷமும் வந்துடுவாங்கங்கற நிலைமையில, அவங்க விடுதியில தங்கியிருந்து செத்துப்போன கேப்டனோட பெட்டியைத் திறந்து, தனக்கு வர வேண்டிய பாக்கியை மட்டும் எண்ணி எடுப்பேன், ஒரு சல்லி அதிகமாவும் வேண்டாம், குறையவும் கூடாதுன்னு உக்காந்து எண்ணுவாங்க. சின்ன எடிஷன்ல பல தடவை இது காணாம போயிடும், உங்க புக்குல இல்லன்னா நீங்களே சொல்லிக் காட்டுங்க. கூடவே 1900ல வந்த ஓஸ் மந்திரவாதி கதையையும் வாங்கிக் கொடுங்க, அதுல வழி நடத்துறதே டோரத்திதான், சிங்கமும் தகர மனுஷனும் அவ பின்னாடி வர்றவங்க. அது ஒரிஜினலே சுலபமான நடைதான், சுருக்கின எடிஷன் தேட வேண்டிய அவசியமே இல்ல.